காட்டுக்குள் போகிறவர்களின் தாய் வனபீபி



நமது தோட்டங்களில் வேலைக்கென்றே சாமிகள் உண்டு. தொழிற்சாலையில் ரோதை சுற்றுகிற இடத்தில் ரோதைமுனி இருக்கிறார். கவ்வாத்து தொடங்கும் நாளில் கத்தியை வைத்துக் கும்பிடக் கவ்வாத்துச் சாமி இருக்கிறார். காட்டோரத்து மலையில் மரத்தடிக் கல் ஒன்று முனியாண்டியாக நிற்கிறது. பெரிய கோயில்களில் இந்தச் சாமிகளைத் தேடினாலும் காண முடியாது. கை எங்கே வெட்டுப்படுமோ, கால் எங்கே வழுக்குமோ, புதருக்குள் சிறுத்தை எங்கே படுத்திருக்குமோ, அங்கேதான் இவர்களுக்கு இடம்.

அதுபோல வேலைக்கும் ஆபத்துக்கும் நடுவில் பிறந்த ஒரு தாயைப் பற்றித்தான் இம்முறை படிக்கப் போகிறோம். அவள் நம் நாட்டுக்காரி அல்ல. வங்காளத்தின் தென்கோடியில், கடலும் காடும் கலக்கிற சுந்தரவனம் என்ற இடத்தில் இருக்கிறாள். அவளை இந்துக்களும் கும்பிடுகிறார்கள், முஸ்லிம்களும் மதித்துக் கூப்பிடுகிறார்கள். எழுத்தில் அவள் பெயர் வனபீபி. வங்காளிகளின் வாயில் அது 'போன்பீபி' என்று வரும். அவர்கள் பேச்சில் 'போன்' என்றால் காடு. 'பீபி' என்பது முஸ்லிம் வீடுகளில் மரியாதைக்குரிய பெண்ணைக் குறிக்கும் சொல். நாம் இந்தப் பாடத்தில் வனபீபி என்றே எழுதுவோம்.

கடல் ஏறி இறங்கும் காடு

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேற்றில் உண்டான பூமி சுந்தரவனம். உப்புத் தண்ணீரிலும் வளரக்கூடிய கண்டல் மரங்கள் நிறைந்த காடு அது. பரப்பளவு ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீற்றர். 1947 இல் நாடு பிரிந்தபோது இந்தக் காடும் இரண்டாகியது. பெரிய பங்கு இன்று பங்களாதேஷிலும், மற்றது இந்தியாவின் மேற்கு வங்காளத்திலும் இருக்கிறது.

நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். காலையில் முழங்கால் சேற்றில் நடந்த இடத்தில் மத்தியானம் தோணி ஓடும். மரங்களின் வேர்கள் மூச்சு விடுவதற்காக ஆணிகளைப்போல் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதிக்குப் பழைய கதைகளில் 'பதினெட்டு ஓதங்களின் நாடு' என்று பெயர். ஓதம் என்றால் கடலின் ஏற்ற இறக்கம்.

இந்தியப் பக்கத்தில் மட்டும் 102 தீவுகள். அவற்றில் 54 இல் மக்கள் குடியிருக்கிறார்கள். மற்றவை காடு. குடியிருக்கும் தீவுகளைச் சுற்றி மண்ணால் அணை கட்டியிருக்கிறார்கள். அந்த அணைகளை எல்லாம் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய 3,500 கிலோமீற்றர் நீளம் வரும். அணை உடைந்தால் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்துவிடும். அப்புறம் சில வருடங்களுக்கு நெல் ஒழுங்காக விளையாது. 2007 நவம்பரில் சிட்ர் புயல், 2009 மே மாதம் ஐலா புயல், 2020 மே மாதம் அம்பான் புயல் என்று அடி மேல் அடி விழுந்திருக்கிறது.

வயல் கைவிட்டால் சனங்கள் எங்கே போவது? காட்டுக்குத்தான். மீன், நண்டு, விறகு, தேன். அதே காட்டில் புலியும் இருக்கிறது. பங்களாதேஷ் 2024 இல் வெளியிட்ட கணக்கின்படி அந்தப் பக்கத்தில் 125 புலிகள். இந்தியப் பக்கத்தில் 2022 கணக்கின்படி சுமார் 100. அவை ஆற்றை நீந்திக் கடக்கும், தோணியில் இருக்கிறவனையும் பின்னாலிருந்து வந்து தூக்கும். 1986 இல் இந்தியப் பக்கத்தில் ஒரு யோசனை செய்தார்கள். புலி முதுகுப் பக்கமாகத்தானே பாய்கிறது என்று, மனித முகம் வரைந்த முகமூடியைத் தலையின் பின்பக்கம் கட்டி ஆட்களைக் காட்டுக்குள் அனுப்பினார்கள். சிறிது காலம் நல்ல பலன் கிடைத்தது என்று சொல்வார்கள். ஆனால் முகமூடி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்த மக்கள் ஒரு பெயரைத்தான் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பெயர் வனபீபி.

அவள் கதை

மக்காவில் இப்ராஹீம் என்றொரு பக்கீர் இருந்தார். அவர் மனைவி பூல்பீபிக்குப் பிள்ளை இல்லை. இரண்டாம் கலியாணம் செய்ய அவள் சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. "நான் கேட்கிற நேரம் நான் கேட்கிறதைச் செய்யணும்." அவரும் வாக்குக் கொடுத்து, குலால்பீபி என்ற பெண்ணைக் கட்டினார். அவள் வயிற்றில் பிள்ளை உண்டானதும் பூல்பீபி தன் வாக்கைக் கேட்டாள். "அவளைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுட்டு வாங்க."

வாக்குக் கொடுத்தாயிற்று. நிறைமாதக்காரியைக் காட்டில் தூங்கவைத்துவிட்டு மனுஷன் திரும்பி வந்தார். அங்கேதான் அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஒன்று பெண், ஒன்று ஆண். இரண்டையும் வளர்க்கத் தெம்பில்லாத தாய், பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு ஆணைத் தூக்கிக்கொண்டாள். இந்த இடத்தைப் படிக்கும்போது நமக்குப் பெருமூச்சு வருகிறது. இது வங்காளத்துக் கதை மட்டும்தானா?

விடப்பட்ட பெண்ணை மான்கள் வளர்த்தன. அவள்தான் வனபீபி. அவள் தம்பி ஷா ஜங்கலி. பின்னர் இருவரும் ஒன்றுசேர்ந்து, மக்காவிலும் மதீனாவிலும் ஆசி பெற்று, பதினெட்டு ஓதங்களின் நாட்டுக்கு வந்தார்கள்.

அந்த நாடு அப்போது தட்சிண ராய் என்பவன் கையில் இருந்தது. தெற்குத் திசைக்கு அரசன் என்று அர்த்தம். புலி உருவம் எடுத்து மனிதரைத் தின்பவன். வந்தவர்களை எதிர்க்க அவன் புறப்பட்டபோது அவன் தாய் நாராயணி தடுத்தாள். "பொம்பளையோட பொம்பளைதான் சண்டை போடணும்" என்று சொல்லித் தானே போனாள். போரில் தோற்றாள். வனபீபி அவளைக் கொல்லவில்லை, தோழியாக்கிக்கொண்டாள். நாட்டையும் பங்கு வைத்தாள். மனிதர் வாழக்கூடிய இடம் ஒரு பக்கம், அடர்ந்த காடு தட்சிண ராய்க்கு.

இந்தப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோற்றவனையும் வனபீபி காட்டைவிட்டுத் துரத்தவில்லை. புலிக்கும் இடம் வேண்டும் என்பது கதையின் முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது.

துக்கே என்ற பையன்

இரண்டாம் பாதிதான் அந்த மக்களுக்கு உயிர். துக்கே என்று ஒரு ஏழைப் பையன். பெயருக்கே துக்கப்பட்டவன் என்றுதான் அர்த்தம். தகப்பன் இல்லை, தாயும் மகனும் மட்டும். ஊரில் தனா என்று ஒரு தேன் வியாபாரி, அவனுக்குச் சித்தப்பா முறை. தனா என்ற பெயரில் தனம் இருக்கிறது. ஏழு தோணிகளோடு தேனெடுக்கப் புறப்பட்ட தனாவுக்கு ஆள் ஒன்று குறைந்தது. துக்கேயைக் கேட்டு வந்தான். "பையனை அனுப்பு, நான் பாத்துக்கிறேன். திரும்பி வந்ததும் நல்ல இடத்தில் கலியாணமும் செஞ்சு வைக்கிறேன்."

நமது பாட்டன் பூட்டன்மாரைக் கப்பலேற்றிய கங்காணிமாரின் பேச்சு சிலருக்கு ஞாபகம் வரலாம். நமக்கும் வந்தது.

தாய்க்கு மனமில்லை. இருந்தாலும் வீட்டில் அரிசி இல்லை. அனுப்பும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "காட்டுக்குள்ள ஆபத்து வந்தா அம்மான்னு வனபீபியைக் கூப்பிடு. அவ வருவா."

காட்டில் தனாவுக்குத் தேன் அகப்படவில்லை. ஏனென்றால் தட்சிண ராய்க்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் வந்திருந்தான். கனவில் தட்சிண ராய் வந்து, தேன் வேண்டுமானால் அந்தப் பையனைக் கொடு என்றான். தனா முதலில் தயங்கினான். பிறகு சம்மதித்தான். அடுத்த நாள் ஏழு தோணியும் தேனால் நிரம்பின. அதோடு விடவில்லை. தேனைவிட மெழுகுக்குத்தான் விலை அதிகம் என்று, தேனை ஆற்றில் கொட்டிவிட்டு மெழுகை ஏற்றச் சொன்னான் தட்சிண ராய். தேன் கொட்டிய இடத்தில் உப்பு ஆறு இனிப்பானது என்று கதை சொல்கிறது.

பிறகு தனா பையனைக் கூப்பிட்டான். "கரையில இறங்கி விறகு கொஞ்சம் பொறுக்கிட்டு வா." பையன் இறங்கினான். திரும்பிப் பார்த்தால் தோணிகள் போய்க்கொண்டிருக்கின்றன. முன்னால் புலி. "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டு மயங்கி விழுந்தான். வனபீபி வந்து அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஷா ஜங்கலி புலியை அடித்து விரட்டினான். சுந்தரவனத்துக் கோயில்களில் வனபீபியின் மடியில் ஒரு சிறுவன் இருக்கக் காணலாம். அவன் இந்த துக்கேதான்.

அடிவாங்கிய தட்சிண ராய் ஓடிப்போய்க் காஜி என்ற முஸ்லிம் பெரியவரிடம் அடைக்கலம் புகுந்தான். காஜி அவனைக் கூட்டிக்கொண்டு வந்து வனபீபியிடம் சமாதானம் பேசினார். அப்போது தட்சிண ராய் ஒரு நியாயம் கேட்டான். மனிதருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தால் காடே மிஞ்சாதே என்றான். வில்லன் கேட்டாலும் கேள்வி சரியான கேள்விதான். வனபீபி அதைத் தட்டவில்லை. மூன்று பேரையும் ஒருவருக்கொருவர் சகோதரராக நடக்கச் சொன்னாள். மனிதருக்கு ஒரு விதி வைத்தாள். காட்டுக்குள் வருகிறவன் சுத்தமான மனதோடும் வெறுங்கையோடும் வரவேண்டும். தேவைக்கு மேல் எடுக்கக்கூடாது.

துக்கே முதலையின் முதுகில் ஏறி ஊர் வந்து சேர்ந்தான். அழுதழுது கண் தெரியாமல் போயிருந்த தாய்க்குப் பார்வை வந்தது. தனாவைப் பழிவாங்கவேண்டும் என்று இருந்தவனை வனபீபி தடுத்து, மன்னிக்கச் சொன்னாள். கடைசியில் தனாவின் மகளையே கட்டிக்கொண்டான். நமக்கு இந்த முடிவு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தனா இவ்வளவு லேசாகத் தப்பியிருக்கக்கூடாது. ஆனால் சிறிய தீவில் அடுத்த வருடமும் ஒரே தோணியில் ஏறவேண்டிய மக்களுக்கு மன்னிப்பு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் விளங்குகிறது.

யார் வீட்டுத் தாய்?

இந்தக் கதையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முஸ்லிம் புலவர்கள் வங்காளப் பாட்டாக எழுதி அச்சிட்டார்கள். புத்தகத்தின் பெயர் 'வனபீபி ஜஹுராநாமா'. எழுத்து வங்காள எழுத்துத்தான். ஆனால் பக்கங்களை அரபுப் புத்தகம்போல வலமிருந்து இடமாகப் புரட்டவேண்டும். கதாநாயகி மக்காவில் ஆசி பெற்றவள். அவள் புத்தகத்தை இந்து வீடுகளிலும் பூசை நாளில் எடுத்து வைத்துப் படிக்கிறார்கள். மாற்றவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

உருவத்திலும் இரண்டு வகை உண்டு. இந்துக்கள் அதிகமுள்ள இடத்தில் சேலை கட்டி, கிரீடம் வைத்து, மாலை போட்டுப் புலிமேல் அமர்ந்திருப்பாள். முஸ்லிம்கள் அதிகமுள்ள இடத்தில் பின்னல் போட்டு, தொப்பி வைத்து, காலில் சப்பாத்து அணிந்த பெண்ணாக இருப்பாள். பக்கத்தில் தம்பி ஷா ஜங்கலி. தட்சிண ராயும் காஜியும்கூட பல கோயில்களில் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். கூரை என்றால் பெரிய கோபுரம் ஒன்றுமில்லை. ஆற்றோரத்தில் நாலு கம்பு நட்டு, ஓலை வேய்ந்த குடில், உள்ளே களிமண் பொம்மைகள். அவ்வளவுதான்.

முஸ்லிம்கள் எப்படி ஒரு பெண் தெய்வத்தை ஏற்கலாம் என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்கள் அவளைக் கடவுள் என்று சொல்வதில்லை. இறைவன் காட்டுக்கு அனுப்பிவைத்த காவல்காரி, ஒரு பீர் போன்றவள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்துக்களுக்கு அவள் தேவி. இருவரும் கூப்பிடும் சொல் ஒன்று: அம்மா. நமது பக்கத்திலும் பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓதிக் கயிறு கட்டி வருகிற இந்துத் தாய்மார் உண்டு. அந்தத் தாயிடம் போய்ச் சமயத் தத்துவம் கேட்டால் என்ன சொல்வாள்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள்.

பழைய வங்காளப் பாட்டு ஒன்று உண்டு. 1686 இல் கிருஷ்ணராம் தாஸ் என்ற புலவர் பாடிய 'ராய்மங்கல்'. அதில் வனபீபி இல்லை. தட்சிண ராயும் காஜியும் நாட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் இறைவன் ஒரு கையில் குர்ஆனும் மறு கையில் புராணமுமாகத் தோன்றி இருவரையும் சேர்த்துவைக்கிறார். முந்நூறு வருடத்துக்கு முன்பே அந்த மக்களுக்கு இந்த யோசனை வந்திருக்கிறது.

எல்லாம் இனிப்பாகவே இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. முஸ்லிம் ஊர்களில் இது மார்க்கத்துக்கு ஒத்துவராது என்று கண்டிப்பவர்கள் உண்டு. இந்து ஊர்களில் 'பீபி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வனதேவி' என்று பெயர் மாற்றுகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் அவளைத் தங்கள் வேலிக்குள் இழுக்கப் பார்க்கிறார்கள். ஆனால் இழுக்கிறவர்களில் எத்தனை பேர் சேற்றில் இறங்கித் தேன் எடுக்கிறவர்கள் என்பது நமது சந்தேகம்.

ஒரே தோணி

தேன் எடுப்பவர்களை அங்கே மௌலே என்பார்கள். பங்களாதேஷில் ஏப்ரல் முதலாம் திகதி தேன் காலம் தொடங்கும். வனத் திணைக்களத்தில் அனுமதிச் சீட்டு எடுத்து, ஒரு தோணியில் ஏழெட்டுப் பேராகப் போவார்கள். கரையில் இறங்குமுன் வனபீபியைக் கூப்பிடாமல் யாரும் கால் வைக்கமாட்டார்கள். மந்திரம் தெரிந்த ஒருவர் கூட வருவார். அவர் இந்துவாகவும் இருக்கலாம், முஸ்லிமாகவும் இருக்கலாம். அவர் சொல்லும் மந்திரத்தில் வங்காளச் சொல்லும் அரபுச் சொல்லும் கலந்து வரும்.

உள்ளே போனால் மேலே பறக்கும் தேனீயைப் பார்த்துக்கொண்டே ஓடவேண்டும். கீழே ஆணி வேர், சேறு, முள். கண் வானத்தில், காலோ சேற்றில். புலிக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்காது. ஈச்சையைப்போன்ற ஹெந்தால் என்ற செடியின் ஓலைகளைக் கட்டி, புகை போட்டுத் தேனீயை விரட்டுவார்கள். அதே ஹெந்தால் புதருக்குள்தான் புலியும் படுத்திருக்கும். ஓலையின் மஞ்சளும் கறுப்பும் கலந்த நிழலில் புலி இருப்பதே தெரியாது.

வனபீபியின் விதிகள் இந்த வேலைக்குள் இறங்கியிருக்கின்றன. ஆயுதம் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போவதுபோல் போகக்கூடாது. காட்டை அசுத்தம் செய்யக்கூடாது. கூட்டாளியை ஏமாற்றக்கூடாது. பேராசை பிடித்தவனைத்தான் புலி பிடிக்கும் என்று நம்புகிறார்கள். வெள்ளிக்கிழமை காட்டுக்குப் போவதில்லை என்று முஸ்லிம்களோடு இந்துக்களும் கடைப்பிடிக்கிற இடங்கள் உண்டு. அன்றைக்கு வனபீபி தொழுகைக்குப் போயிருப்பாள், காட்டில் காவல் இல்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். நமக்கு இதில் ஒரு நன்மையும் தெரிகிறது. காட்டுக்கும் ஆளுக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைக்கிறது.

இந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள்? பழைய காலத்திலிருந்தே இருந்த மீனவர், விவசாயிகள் ஒரு பங்கு. இன்னொரு பங்கு கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் காட்டைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு வெட்டி வயலாக்கினார்கள். மரம் வெட்டவும் அணை கட்டவும் சோட்டாநாக்பூர் மேட்டு நிலத்திலிருந்து சந்தால், முண்டா, ஒராவோன் பழங்குடி மக்களைக் கூட்டி வந்தார்கள். அதே மேட்டு நிலத்திலிருந்துதான் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துப் போனார்கள். ஒரே ஊர்க்காரரில் ஒருவன் கொழுந்துக்கும், மற்றவன் சேற்றுக்கும் போயிருப்பான். சேற்றுக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் வனபீபியைத் தங்கள் தாயாக எடுத்துக்கொண்டார்கள். காட்டை வெட்டவந்தவர்களுக்குக் காட்டின் தாய் வேண்டியிருந்தது.

தைப்பொங்கல் நாளில்

வனபீபியின் பெரிய பூசை வருவது அவர்களுடைய பௌஷ் மாதத்துக் கடைசி நாளில், அதாவது ஜனவரி நடுப்பகுதியில். நாம் லயத்து வாசலில் பொங்கல் வைக்கிற அதே நாட்கள்தான். சர்க்கரை மிட்டாய், பழம், பால் வைப்பார்கள். பல இடங்களில் கோழியும் கொண்டுவருவார்கள். ஆனால் வெட்டமாட்டார்கள். தாயின் பெயரைச் சொல்லிக் காட்டுக்குள் உயிரோடு விட்டுவிடுவார்கள். இரவில் துக்கேயின் கதையைக் கூத்தாக ஆடுவார்கள். விடிய விடியப் பார்ப்பார்கள். நமது காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இரவு எப்படியிருக்கும் என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை. துக்கே "அம்மா" என்று கூப்பிடுகிற கட்டம் வரும்போது பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களில் பலரின் வீட்டு ஆண்களும் நாளைக்கோ மறுநாளோ காட்டுக்குப் போகவேண்டியவர்கள்.

காத்திருக்கிறவர்கள்

ஆண்கள் காட்டிலிருக்கும் நாட்களில் வீட்டுப் பெண்களுக்கும் விதிகள் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவமாட்டார்கள். துணிக்குச் சவர்க்காரம் போடமாட்டார்கள். காய்ந்த மிளகாயை வறுக்கமாட்டார்கள். இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இது நடக்கிறது. புருஷன் உயிரோடிருக்கும்போதே விதவைபோல் இருந்து, விதவையாகாமல் தப்பப் பார்க்கிறார்கள்.

ஆள் திரும்பி வராவிட்டால் பழி அவள்மேல் விழுகிறது. ஏதோ விதியைத் தவறவிட்டிருப்பாள் என்பார்கள். 'புருஷனைத் தின்னவள்' என்று கூப்பிடுவார்கள். புலி விதவைகள் என்று அவர்களுக்கு ஒரு தனிப் பெயரே இருக்கிறது. இந்த இடத்தில் நாம் வனபீபியின் பக்தர்களோடு சண்டை போடத்தான் வேண்டும். கதையில் பிள்ளையைப் புலிக்குக் கொடுத்தது தாயா? இல்லை. அரிசி இல்லாத வீட்டுக்கு வந்து ஆசை வார்த்தை பேசிய தனா. பெண்ணைக் குற்றம் சொல்ல அந்தக் கதையில் ஒரு வரிகூட இடமில்லை.

பணம் விஷயம் இன்னும் கஷ்டம். இந்தியப் பக்கத்தில் அனுமதிச் சீட்டோடு, அனுமதித்த பகுதியில் இறந்தால்தான் இழப்பீடு என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். சீட்டு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மீனும் நண்டும் தடைசெய்த உட்காட்டுப் பக்கம்தான் அதிகம். அங்கே போய் இறந்தவனின் மனைவி, புலி அடித்தது என்று வெளியே சொல்லவும் பயப்படுவாள். குற்றக்காசு வரும், கூடப்போனவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று வேறு காரணம் சொல்லிவிடுவாள். அப்புறம் பிரேதப் பரிசோதனை இல்லை, பொலிஸ் முறைப்பாடு இல்லை. கடதாசி இல்லாததால் காசும் இல்லை.

நமது வேலையில் இது புதிதல்ல. ஒரு அம்மா சேமலாப நிதிக்காக எங்களிடம் எத்தனையோ முறை வந்து போனார். இறந்த கணவரின் பெயர் செக்ரோலில் ஒரு விதம், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இன்னொரு விதம். 'ரா'வுக்கும் 'இரா'வுக்கும் இடையில் அவருடைய பணம் நின்றது. முதல் தடவை வந்தபோதே அதைக் கவனித்திருக்கவேண்டியவர்கள் நாம்தான். கவனிக்கவில்லை. அதனால் சுந்தரவனத்துப் பெண்ணின் கடதாசிக் கதையைப் படித்தபோது நம்மால் சும்மா பக்கத்தைப் புரட்டிவிட முடியவில்லை.

2023 இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு புலி விதவை வழக்குப் போனார். கணவர் தடைசெய்த உட்காட்டில் இறந்தார் என்ற காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லி, 5 இலட்சம் இந்திய ரூபா கொடுக்க உத்தரவிட்டது. அதன்பின் மற்ற விதவைகளும் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்கத் தொடங்கினார்கள்.

காட்டில் ஒருவன் புலியிடம் இறந்த இடத்தில், கூடப்போனவர்கள் அவனுடைய துணியில் ஒரு துண்டைக் கிழித்துக் கரையோரத்துக் கம்பிலோ மரத்திலோ கட்டிவிட்டு வருவார்கள். அடுத்த தோணி அந்த வழியாக வரும். இறந்தவன் இந்துவா, முஸ்லிமா என்று அந்தத் துணியில் எழுதியிருக்காது. தோணியில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு, அங்கே இறங்காமல் துடுப்பு வலித்துக் கடந்து போவார்கள்.